கட்டையோ ஆளோ

மொட்டை மாடியில் ஏறி ஆன்டெனாவைத் திருப்பிய தலைமுறை நான். கீழே சித்தப்பா டி.வி. முன்னால் நின்றுகொண்டு, "வருது… வருது… அப்படியே விடு… போச்சு" என்பார். போனது படம். மிச்சமிருப்பது கறுப்பும் வெள்ளையுமாய்க் கொதிக்கும் புள்ளிகள். இறங்கி வந்து அந்தப் புள்ளிகளையே வெறித்துக்கொண்டிருந்தால் எதை வேண்டுமானாலும் பார்க்கலாம். நான் ஈசல் கூட்டம் பார்த்திருக்கிறேன். ஒருமுறை ரஜினியின் முகத்தைக்கூட. ஆனாலும் "என்னடா தெரியுது?" என்று சித்தப்பா கேட்டால், "ஒண்ணும் தெரியல" என்பதுதான் என் பதில்.

வயோமிங் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்த ஆன் நுயென், 2014 டிசம்பரில் ஒரு கட்டுரையை வெளியிட்டார். ஜேசன் யோசின்ஸ்கி, ஜெஃப் குளூன் இருவரும் கூட்டு ஆசிரியர்கள். அதன் முதல் பக்கத்திலேயே அந்த டி.வி. புள்ளிகள் போன்ற படங்கள் இருக்கின்றன, வண்ணத்தில். ஒவ்வொரு படத்தின் அடியிலும் ஒரு பெயர்: எறும்புண்ணியைப் போல் ஓடு போர்த்த ஆர்மடில்லோ, பூரான், மயில், பலாப்பழம். பெயர் வைத்தது மனிதரல்ல, படங்களை இனம்பிரிக்கப் பழக்கிய நியூரல் நெட்வொர்க். அன்றைய நிலையில் முதல் தரமானது. அந்தப் புள்ளிக் குழப்பத்தைப் பார்த்து 'இது பலாப்பழம்' என்று அது சொல்லியிருக்கிறது, 99.6 சதவீதத்துக்குக் குறையாத உறுதியோடு.

பலாப்பழம் என்ற சொல்லில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். முள், மஞ்சள், பிசின், வாசனை எதுவுமே அங்கே இல்லை. முண்டும் முடிச்சுமான ஒரு தோலின் சாயல்கூட என் கண்ணில் படவில்லை.

அந்தப் படங்களை அவர்கள் உண்டாக்கிய விதம் நாட்டு மாட்டைப் பொறுக்கி வளர்ப்பது போன்றது. கண்டபடி ஒரு படத்தை எடுத்துக்கொள்வது, அதைக் கொஞ்சம் மாற்றுவது, நெட்வொர்க்கிடம் காட்டுவது. அதன் உறுதி கூடினால் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு அதிலிருந்து அடுத்த ஈடு. இப்படித் தலைமுறை தலைமுறையாக. இன்னொரு முறையில் புள்ளிகளுக்குப் பதில் ஒழுங்கான கோலங்கள் பிறந்தன. நட்சத்திர மீன் என்று நெட்வொர்க் சொல்வதற்குக் கடலின் நீலமும் மீனின் ஆரஞ்சும் இருந்தால் போதுமாயிருந்தது. இவற்றில் சிலவற்றைத் தங்கள் பல்கலைக்கழக மாணவர் ஓவியக் கண்காட்சிக்கு அனுப்பினார்கள். வந்தவற்றில் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே ஏற்ற கண்காட்சி அது. இவை தேர்வானதோடு பரிசும் பெற்று, அருங்காட்சியகச் சுவரில் தொங்கின. நடுவர்கள் அவற்றில் நட்சத்திர மீனைப் பார்த்திருக்க வழியில்லை. நன்றாயிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள், அவ்வளவுதான். அந்தப் படங்களைப் பற்றி யாரேனும் அளவாக ஒன்று சொன்னார்கள் என்றால் அந்த நடுவர்கள்தான்.

இந்தக் கட்டுரையைப் படித்தவர்கள் பலரும் இயந்திரம் முட்டாள் என்ற முடிவுக்குப் போனார்கள். எனக்கு அது அவசரமாகப் படுகிறது. அதற்குக் கொடுக்கப்பட்ட வேலையைப் பாருங்கள். இமேஜ்நெட் என்ற படத் தொகுப்பிலிருந்து எடுத்த ஆயிரம் பெயர்கள், ஆயிரம் பெட்டிகள். எந்தப் படம் வந்தாலும் அதை இந்த ஆயிரத்துக்குள் பங்கிட்டாக வேண்டும், பங்குகளைக் கூட்டினால் சரியாக நூறு வர வேண்டும். ஆயிரத்தோராவது பெட்டி இல்லை. 'இது எதுவுமில்லை' என்று எழுதுவதற்கு அந்தத் தாளில் இடமே விடவில்லை. சித்தப்பா என்னிடம், "பூரானா, மயிலா, பலாப்பழமா? மூணுல ஒண்ணைச் சொல்லு" என்று கேட்டிருந்தால் நானும் ஏதோ ஒன்றைச் சொல்லித்தான் தப்பித்திருப்பேன்.

இந்த இடத்தில் தொல்காப்பியம் நினைவுக்கு வந்தது. பழம்பெருமை பேச வரவில்லை, பயப்பட வேண்டாம். கிளவியாக்கத்தில் ஐயத்தை எப்படிப் பேசுவது என்று அடுத்தடுத்துச் சில நூற்பாக்கள் இருக்கின்றன. தூரத்தில் தெரிவது ஆணா பெண்ணா என்று தெரியாவிட்டால் பன்மையில் சொல் என்கிறது ஒன்று. இன்றைக்கும் வாசலில் ஆள் அரவம் கேட்டால், எட்டிப் பார்ப்பதற்கு முன்பே, "யாரோ வந்திருக்காங்க" என்கிறோம். அந்த 'காங்க' மரியாதை மட்டுமல்ல, இன்னும் பார்க்கவில்லை என்ற தகவலும் அதில் இருக்கிறது. அதைவிடப் பெரிய சந்தேகம், நிற்பது மனிதரா, வெறும் பொருளா என்பது. உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம் அந்தி நேரத்து வயல்வெளியை ஞாபகப்படுத்துவது: அதோ தெரிவது கட்டையோ, ஆளோ? உயர்திணையில் முடிப்பதா, அஃறிணையில் முடிப்பதா? இதற்கென்றே ஒரு சொல்லை ஒதுக்கித் தருகிறார் தொல்காப்பியர்: 'உருவு'. கட்டையும் உருவுதான், ஆளும் உருவுதான். தெரியும்வரை அந்தச் சொல்லில் நின்றுகொள்ளலாம்.

அதோடு விடவில்லை. ஐயம் தீர்ந்தபின் எப்படிச் சொல்வது என்றும் ஒரு விதி. எது இல்லையென்று தெளிந்ததோ அதன்மேல் 'அன்று' என்பதை வைத்து, பிறகு எது உண்மையோ அதைச் சொல்ல வேண்டும்: கட்டையன்று, ஆள். கொஞ்ச நேரம் முன்பு தடுமாறினோம் என்ற தடயம் தெளிந்த வாக்கியத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஐயம் என்றால் அறிவு குறைவு என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். அந்த நூற்பாக்களைப் படிக்கும்போது அது ஒரு வாக்கிய வடிவமாகத் தெரிகிறது. திணையும் பாலும் எண்ணும் போல, மொழி அதற்கென்று இடம் ஒதுக்கியிருக்க வேண்டும். ஒதுக்காவிட்டால் எவ்வளவு அடக்கமான ஆளும் பலாப்பழம் என்றுதான் சொல்லியாக வேண்டும்.

நுயெனும் நண்பர்களும் அந்த உருவுப் பெட்டியைச் சேர்த்தும் பார்த்தார்கள். ஏமாற்றுப் படங்களையெல்லாம் ஒன்றுதிரட்டி ஒரு புதிய வகையாக்கி, நெட்வொர்க்கை மறுபடி பழக்கினார்கள். ஆயிரம் பொருள்களைக் கற்ற நெட்வொர்க்கில் ஓரளவு பலன் இருந்தது. அதை மீண்டும் ஏமாற்றுவது கடினமாயிற்று. கையெழுத்து எண்களை மட்டும் கற்ற சின்ன நெட்வொர்க்கிலோ எத்தனை முறை திருத்தினாலும் புதிது புதிதாக ஏமாற்றுப் படங்கள் பிறந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றையும் அது 3 என்றோ 8 என்றோ சத்தியம் செய்தது.

சரி, இவை வேண்டுமென்றே வளர்த்தெடுத்த விசித்திரங்கள். யாரும் டி.வி. புள்ளிகளைக் காட்டி இயந்திரத்திடம் குறி கேட்கப் போவதில்லை. சாதாரணப் படங்களில் என்ன ஆகிறது? இந்தக் கேள்வியை 2017இல் எடுத்துக்கொண்டவர்கள் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவர்களாயிருந்த சுவான் குவோவும் ஜெஃப் பிளைஸும். யூ சன்னும் பேராசிரியர் கிலியன் வைன்பெர்கரும் உடன் எழுதினார்கள். ஆச்சரியம் என்னவென்றால், இதே கார்னெலில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், 2005இல், அலெக்சாண்ட்ரு நிகுலெஸ்கு-மிசிலும் ரிச் கருவானாவும் இதே விஷயத்தை அளந்து, நியூரல் நெட்வொர்க்குகள் தம் உறுதியைப் பற்றி நேர்மையாகவே பேசுகின்றன என்று எழுதியிருந்தார்கள். குவோவும் பிளைஸும் கண்டது அதற்கு நேர்மாறு. இரண்டு முடிவுகளுமே சரி. இடையில் இயந்திரம் மாறிவிட்டது.

அளக்கும் முறை காய்கறிக் கடைத் தராசுக்கு முத்திரை வைப்பது மாதிரி. 'எண்பது சதவீதம் உறுதி' என்று நெட்வொர்க் சொன்ன படங்களையெல்லாம் ஒரு கூடையில் போடுங்கள். அதில் நூற்றுக்கு எண்பது உண்மையிலேயே சரியாக இருந்தால் தராசு சரி. அறுபதுதான் சரி என்றால் கல்லில் கள்ளம். வானிலைக்காரர்கள் இதை நெடுங்காலமாகச் செய்துவருகிறார்கள். முன்னறிவிப்பின் உறுதியை மதிப்பெண்ணாக்க கிளென் பிரையர் ஒரு சூத்திரம் தந்தது 1950இல். அவர்களுக்கு ஒரு வசதி, சொன்னது பலித்ததா என்று மறுநாளே வானம் சொல்லிவிடும். நம் ஊரில் 'ஓரிரு இடங்களில் மழை' என்பதைக் கேட்டுச் சிரிக்கிறோம். அந்த 'ஓரிரு'வுக்குப் பின்னால், நான்கில் ஒரு பங்கு நிலையங்களுக்கு மேல் போகாது என்ற கணக்கு இருக்கிறது என்பது சிரிப்பவர்களுக்குத் தெரியாது.

குவோவும் பிளைஸும் இரண்டு நெட்வொர்க்குகளை அருகருகே வைத்தார்கள். ஒன்று 1998ஆம் ஆண்டு வடிவமைப்பு, ஐந்தே அடுக்கு. மற்றது 2016இன் வடிவமைப்பு, 110 அடுக்கு. நூறு வகைப் பொருள்களின் சின்னச் சின்னப் படங்களைக் கொடுத்தபோது கிழட்டு நெட்வொர்க் நூற்றுக்கு 55தான் சரியாகச் சொன்னது, ஆனால் சராசரியாக ஏறத்தாழ அந்த அளவு உறுதியோடுதான் சொன்னது. புதியது 69 சரியாகச் சொன்னது. முன்னேற்றம்தான். ஆனால் அதன் உறுதி அந்த 69ஐத் தாண்டி எங்கோ உயரத்தில் நின்றது. அறிவு வளர்ந்ததைவிட வேகமாகத் தன்னைப் பற்றிய எண்ணம் வளர்ந்துவிட்டது. (எனக்குத் தெரிந்த சில இலக்கியவாதிகளின் வாழ்க்கை வரலாறும் இதே வளைகோடுதான். பெயர் வேண்டாம்.)

ஏன் அப்படி? காரணம் பயிற்சியின் கணக்கில் இருக்கிறது. நெட்வொர்க் ஒவ்வொரு முறை பதில் சொல்லும்போதும் அதற்கு ஒரு தண்டனை எண் உண்டு. அதைக் குறைத்துக்கொண்டே போவதுதான் பயிற்சி. பயிற்சிப் படங்கள் அத்தனைக்கும் சரியான பதில் சொல்லத் தெரிந்துவிட்ட பிறகும் அந்த எண் சுழியாவதில்லை. 90 சதவீத உறுதியோடு 'பூனை' என்றால் இன்னும் கொஞ்சம் தண்டனை பாக்கி இருக்கும். 99 என்றால் அதைவிடக் குறையும். 99.9 என்றால் இன்னும் குறையும். ஆகவே கற்பதற்கு ஒன்றுமில்லாத கட்டத்தில் குரலை உயர்த்துவது ஒன்றே மிச்சமிருக்கும் வேலை. அடுக்குகள் பெருகி, கொள்ளளவு பெருகிய நெட்வொர்க்குக்கு அதற்கு வேண்டிய தெம்பும் இருக்கிறது.

அவர்கள் கண்ட மருந்து வெட்கப்படும் அளவுக்கு எளிது. சதவீதமாக மாறும் முன் நெட்வொர்க் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மதிப்பெண் போடுகிறது. பூனைக்கு 6, நாய்க்கு 2 என்று வையுங்கள். வழக்கமான வாய்பாட்டில் போட்டால் பூனை 98, நாய் 2. இப்போது இரண்டு மதிப்பெண்ணையும் 2ஆல் வகுத்துவிடுங்கள். 3, 1. அதே வாய்பாட்டில் பூனை 88, நாய் 12. அவ்வளவுதான். அந்த வகுக்கும் எண்ணுக்கு இயற்பியலிலிருந்து கடன் வாங்கிய பெயர், 'வெப்பநிலை'. பயிற்சியில் காட்டாமல் எடுத்துவைத்த படங்களைக் கொண்டு சரியான வெப்பநிலையைக் கண்டுபிடிக்க வேண்டும். மொத்த நெட்வொர்க்குக்கும் ஒரே எண். சிக்கலான பல முறைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலான சோதனைகளில் இந்த ஒற்றை எண்ணே வென்றது.

இதைப் படித்தபோது முதலில் எனக்கு மகிழ்ச்சி. இரண்டு நாள் கழித்து ஒரு நெருடல். வகுத்த பிறகும் பூனை பூனைதான். ஒரு பதில்கூட மாறுவதில்லை, தவறு ஒன்றுகூடக் குறைவதில்லை. சத்தம் மட்டும் தணிகிறது. எந்தப் படத்தில் தடுமாற வேண்டும் என்று நெட்வொர்க்குக்குப் புதிதாக எதுவும் தெரிந்துவிடவில்லை. எல்லாப் படத்துக்கும் சேர்த்து ஒரே அளவு பணிவைப் பூசிவிட்டோம். மேடையில் எதைச் சொன்னாலும் "அடியேனுக்குத் தெரிந்தவரை" என்று ஆரம்பிப்பவரின் பணிவு. கூட்டாகப் பார்த்தால் கணக்குச் சரி, இந்தப் படத்தில் தெரிவது கட்டையா ஆளா என்பதற்கு அது உதவாது. 2019இல் கூகுள் ஆய்வாளர்கள் சோதித்தபோது இன்னொன்றும் தெரிந்தது: பழக்கப்படாத, மங்கிய, சிதைந்த படங்கள் வர வர, இந்த முத்திரை அழிய ஆரம்பிக்கிறது. வெளிச்சம் குறையும்போதுதானே 'உருவு' என்ற சொல் நமக்கு வேண்டியிருக்கிறது?

படங்களை விட்டு மொழிக்கு வந்தால் விவகாரம் இன்னும் நுட்பமாகிறது. படம் பார்க்கும் நெட்வொர்க் தன் உறுதியை எண்ணாகச் சொன்னது. உரையாடும் இயந்திரம் அதை நடையாகச் சொல்கிறது. முற்றுப்புள்ளி, ஆண்டு, பக்க எண், சரளம். 2023இல் நியூயார்க்கில் ஒரு வழக்கறிஞர், உரையாடும் இயந்திரம் புனைந்து தந்த இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டி மனு எழுதி, கடைசியில் ஐயாயிரம் டாலர் அபராதத்துக்கு ஆளான கதை எல்லோருக்கும் தெரியும். இந்தத் தீர்ப்புகள் உண்மையா என்று அவர் அந்த இயந்திரத்திடமே கேட்டிருக்கிறார், அது உண்மை என்றிருக்கிறது. இதில் எனக்கு உறைப்பது இந்தப் பகுதிதான். அவர் சந்தேகப்பட்டிருக்கிறார். கேட்கக்கூடாத இடத்தில் கேட்டுவிட்டார்.

அதே 2023இல் ஜிபிடி-4 என்ற மொழி மாதிரியைப் பற்றி ஓபன்ஏஐ வெளியிட்ட அறிக்கையில் ஒரு சின்ன வரைபட ஜோடி இருக்கிறது. மனிதர்களின் விருப்பத்துக்கேற்பப் பழக்குவதற்கு முன், தேர்வு வினாக்களில் அந்த மாதிரியின் உறுதியும் சரியும் ஏறத்தாழ ஒரே கோட்டில் போகின்றன. பழக்கிய பிறகு கோடு கோணலாகிவிடுகிறது. அதாவது முரட்டு நிலையில் அதற்குத் தன் அளவு தெரிந்திருந்தது. நமக்குப் பிடித்தமாதிரிப் பேசக் கற்றுக்கொடுத்தபோது அது கெட்டது. தயங்கும் பதிலுக்கு நாம் குறைவாக மார்க் போட்டிருப்போம் என்பது என் ஊகம். ஊகம்தான்.

மார்க் பற்றி ஊகிக்கத் தேவையில்லாத ஒரு கட்டுரை 2025 செப்டம்பரில் வந்தது. ஆடம் கலாய், சந்தோஷ் வெம்பலா உள்ளிட்ட நால்வர் எழுதியது. மொழி மாதிரிகளை ஒன்றோடொன்று ஒப்பிட நாம் வைக்கும் சோதனைகள் பெரும்பாலும் சரிக்கு ஒன்று, தவறுக்குச் சுழி, தெரியாது என்பதற்கும் சுழி என்ற கணக்கில் ஓடுகின்றன, அப்படியானால் ஊகித்து அடிப்பதுதானே புத்திசாலித்தனம் என்கிறார்கள். இயந்திரம் முடிவேயில்லாத ஒரு தேர்வறையில் உட்கார்ந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் இதை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். டி.என்.பி.எஸ்.சி. தேர்வின் விடைத்தாளில் ஐந்தாவதாக ஒரு வட்டம் உண்டு: 'E', விடை தெரியவில்லை. 2020இல் வெளியான முறைகேடுகளுக்குப் பிறகு, காலியாக விட்ட வட்டங்களைப் பின்னால் யாரும் நிரப்பிவிடக் கூடாதென்று கொண்டுவந்தது. தொல்காப்பியரின் 'உருவு' ஓ.எம்.ஆர். தாளில் அச்சாகிவிட்டது என்று சொல்லலாம்! ஆனால் தவறான விடைக்கு மார்க் குறைப்பதில்லை. எந்தக் கோச்சிங் சென்டரிலும், "தெரியலைன்னா E போடு" என்று யாரும் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள். நேரம் தீர்ந்து மணி அடிக்கும்போது வேகமாகக் கறுப்பாக்குவதற்குத்தான் அது. நீட் தேர்வில் சரிக்கு நான்கு, தவறுக்குக் கழித்தல் ஒன்று. அங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு நான்கு வினாக்களுக்கு அடித்தால் சராசரியாக ஒன்று சரி, மூன்று தவறு, கையில் ஒரு மார்க் லாபம். இந்தக் கணக்கில் வளர்ந்த பிள்ளைகள் நாம். நம்முடைய எழுத்துகளைத் தின்று வளர்ந்தது அந்த இயந்திரம்.

இதையெல்லாம் நான் படிக்க நேர்ந்ததற்குக் காரணம் பெரியம்மா.

எண்பத்து மூன்று வயது. போன கோடையில் ஊருக்குப் போனபோது அவர் பேசியதை போனில் பதிவு செய்துகொண்டேன், மூன்று மணி நேரம். தட்டெழுதியபின் பேச்சு நடையைக் கொஞ்சம் சீர்செய்து தரச்சொல்லி ஒரு இயந்திரத்திடம் கொடுத்தேன். சுத்தமாகச் செய்தது. ஒற்றுப்பிழை இல்லை, பத்தி பிரித்திருந்தது. நாலைந்து பக்கம் போனபிறகுதான் ஏதோ இடித்தது. பெரியம்மாவின் தாத்தா கொழும்பில் கடை வைத்திருந்தார். கப்பலில் வரும்போது புயலில் மாட்டிக்கொண்டார். கடையைப் பங்காளிக்கு எழுதிக் கொடுத்தார். பதிவைப் போட்டுக் கேட்டேன். வச்சிருந்தாராம். மாட்டிக்கிட்டாராம். எழுதிக் குடுத்துட்டாராம்.

'ஆம்' எல்லாம் காணோம். சீர்செய்வதென்றால் அசைச்சொற்களைத் துடைப்பது என்று அது புரிந்துகொண்டிருக்க வேண்டும், குப்பையோடு சேர்த்து இதையும் கூட்டித் தள்ளிவிட்டது. பொய் எதுவும் சேர்க்கவில்லை. ஒரு பெயரைக்கூட மாற்றவில்லை. பெரியம்மா தன் கண்ணால் கண்டதும், அவர் அம்மா சொல்லக் கேட்டதும், ஊரே பேசிக்கொண்டதும் இப்போது ஒரே தரையில் நிற்கின்றன. அத்தனைக்கும் அவரே சாட்சி என்று ஆகிவிட்டது.

உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டேன். இரண்டு ராத்திரி ஆயிற்று. ஓரிடத்தில் மாட்டிக்கொண்டேன். கடை போனபிறகு தாத்தா ஊர் திரும்பி, திண்ணையில் அந்தக் கடையின் தராசைத் தொங்கவிட்டிருந்தார் என்கிற வரி. பதிவில் சரியாக அந்த இடத்தில் தெருவில் பஸ் ஹாரன் அடிக்கிறது. 'தொங்க விட்டிருந்தா…' வரை கேட்கிறது. அதற்குமேல் ஹாரன். 'ர்' என்று முடிந்ததா, 'ராம்' என்று முடிந்ததா? ஹெட்போன் மாட்டிப் பத்துத் தடவை கேட்டேன். நாலு தடவை 'ராம்' என்று கேட்டது. மற்ற தடவைகளில் ஹாரன்தான்.

போன் போட்டேன்.

"பெரியம்மா, அந்தத் தராசு தொங்குனதை நீங்க பாத்திருக்கீங்களா, இல்ல யாரும் சொல்லிக் கேட்டதா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

"எனக்கு அப்ப மூணு வயசோ நாலு வயசோ. எங்கம்மா அதைப் பத்திச் சொல்லிக்கிட்டே இருப்பா. பாத்த மாதிரித்தான் இருக்குய்யா."